மெட்டி கிழித்த ஷூ

ஷூ கடைக்குள் வருவதற்குச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறவர்களை இனி நீங்களும் தினமும் பார்ப்பீர்கள். சிரிப்பு வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கதவும் ஏசியும் பளபளவென்ற தரையும் இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு நுழைய அவர்களுக்கு மனம் ஒப்பாது. நீங்கள் செய்ய வேண்டியது, வாசல் பக்கம் போகிற மாதிரி போய் அந்தச் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதுதான். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த விரல் எங்கே அழுந்தியிருக்கிறது என்று பார்த்தால், வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவர் காலைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நம் கடையின் விழுப்புரம் கிளையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்து, பிறகு திண்டிவனம் கிளையில் ஸ்போர்ட்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள் நான். ஊர்க்காரர்களின் கால்களுக்கு முன்னால் முட்டி போட்டு முட்டி போட்டு என் முட்டி போனதுதான் மிச்சம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் மேனேஜர் கேட்டார். அளவு எடுப்பதும் ஸ்டாக் அடுக்குவதும் பில் போடுவதும் அவரே சொல்லித் தருவார். நான் கௌசல்யாவின் ஷூவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எத்தனையோ ஆயிரம் ஜோடிகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நான் நின்றது அந்த ஒரு முறைதான்.

கௌசல்யா திருவக்கரைப் பக்கத்து ஊர்ப் பெண். திண்டிவனத்தில் காலேஜ் படித்தபோது கபடி ஆடியிருக்கிறாள். அப்போதே ஒரு சின்ன ஜிம்மில் சேர்ந்து, விடாமல் உடற்பயிற்சி செய்து, பயிற்சியாளருக்கான ஒரு கோர்ஸையும் முடித்திருந்தாள். பிழைப்புக்குக் கம்பெனி வேனில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வேலையும் காண்ட்ராக்ட் முடிந்து நின்றுபோன சமயத்தில், திண்டிவனம் மெயின் ரோட்டில் புதிதாக ஒரு ஜிம் திறந்தார்கள். பெண்களுக்குத் தனி நேரம். அதற்கு ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும். விண்ணப்பித்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் எடை தூக்க வேண்டும், பெட்டி மேல் குதிக்க வேண்டும், பக்கவாட்டில் ஓட வேண்டும், கயிறு தாண்ட வேண்டும், கூடவே இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டவும் வேண்டும். தேறினால் வேலை.

அதற்கு முந்தைய வாரம் அவள் தன் அம்மாவோடு கடைக்கு வந்தாள். அம்மாவின் பெயர் அஞ்சலை. கூலிக்குக் கொல்லை வேலை செய்கிறவர், வயலில் களை எடுப்பது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அப்படிச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறவர்களில் ஒருவர்தான் இந்த அஞ்சலை அக்கா.

கௌசல்யா செல்போனை நீட்டினாள். அதில் மெத்தை வைத்துத் தைத்த மாதிரி தடிமனான அடிப்பாகத்தோடு ஒரு ரன்னிங் ஷூ இருந்தது.

"மேடம், இந்த மாதிரி ஒண்ணு காமிங்க. சைஸ் ஆறு."

"காமிக்கறேன். மொதல்ல இதப் போட்டுக்கினு நீ இன்னா பண்ணப் போறன்னு சொல்லு."

இதை மட்டும் மறக்காதீர்கள். என்ன சைஸ் என்று கேட்பது இரண்டாவது கேள்வி. என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. அவள் விரல் விட்டு அடுக்கிக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க எனக்கு அந்த மெத்தை ஷூ மேல் பயம் வந்தது. நேராக ஓடுகிறவர்களுக்கு அது சொர்க்கம். தோளில் கம்பியும் எடையும் வைத்துக்கொண்டு அதில் நின்றால், கட்டில் மெத்தை மேல் ஏறி நின்று மூட்டை தூக்குகிற கதைதான். பக்கவாட்டில் தாவினால் கணுக்கால் பிசகும். எடை தூக்குவதற்கென்றே கட்டைபோல இருக்கிற ஷூவைப் போட்டாலோ குதிக்கவும் ஓடவும் முடியாது. இவளுக்கு இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும். அடி தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். குதிகாலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். விரல் பக்கம் வளைய வேண்டும். ஓரம் சரியக் கூடாது.

நான் சொன்னால் அவள் நம்ப வேண்டுமே! ஸ்டாக் ரூமிலிருந்து ஷூ பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து எடைக்குப் பதிலாக அவள் கையில் கொடுத்து, மெத்தை ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னேன். இரண்டாவது தடவையே முன்பக்கம் சாய்ந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு கிராஸ் டிரெயினிங் ஷூவை மாட்டிவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். தரையில் வேர் விட்ட மாதிரி நின்றாள். இப்படிக் குதி, அப்படிக் குதி, நுனிக்காலில் நில் என்று நான் சொல்லச் சொல்ல, கடையில் இருந்தவர்கள் வாங்க வந்ததை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கலருதான் டல்லா கீது மேடம்" என்றாள் கௌசல்யா.

"கலரா குதிக்கப் போவுது? நீதான குதிக்கப் போற" என்றேன்.

இத்தனை நேரமும் அஞ்சலை அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பில் போடப் போகும்போது என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, இது கடிக்குமா?"

"கடிக்காதுக்கா. தோலு இல்ல, மேல பூரா துணிதான்."

"புதுசுன்னா எல்லாந்தான் கடிக்கும்" என்றார், எனக்குப் புரிய வைக்கிற மாதிரி. நானும் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம். கல்யாண மாதம், கடையில் நிற்க இடமில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கௌசல்யா பெட்டியை டக்கென்று என் முன்னால் வைத்தாள். முகம் சிவந்து போயிருந்தது. பின்னாலேயே அஞ்சலை அக்கா வந்து கதவோரத்தில் நின்றார்.

"சைஸ் தப்பா குடுத்துட்டீங்க மேடம். குதிச்சா பின்னால கழண்டுக்கினு வருது. நாளைக்குக் காலையில டிரையலு. இப்பப் போயி நான் இன்னா பண்ணுவேன்?"

ஊரில் புதுத்துணி வாங்கினால் நல்ல நாளுக்கென்று எடுத்து வைப்பார்களே, அதுபோல இந்த ஷூவையும் டிரையலுக்கென்று பெட்டியிலேயே வைத்துவிட்டு, வாரம் முழுக்கப் பழைய ஷூவில் பயிற்சி செய்திருக்கிறாள். அன்று காலையில்தான் முதல் தடவையாகப் போட்டுக் குதித்துப் பார்த்தாளாம். மேனேஜர் எட்டிப் பார்த்து அடிப்பக்கத்தைத் திருப்பினார். "யூஸ் பண்ணின ஷூ. மாத்த முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். கௌசல்யாவின் குரல் இன்னும் உயர்ந்தது. பத்துப் பதினைந்து பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விழுப்புரத்தில் எனக்கு முதலில் வேலை பழக்கியவர் ஒன்று சொல்வார். கோபமாக வருகிறவரிடமிருந்து முதலில் ஷூவை வாங்கு, பேச்சை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று. நான் ஷூவைக் கையில் எடுத்தேன்.

பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். குதிகாலைத் தாங்குகிற விறைப்பான பகுதி மடங்கிக் கூழாகியிருந்தது. செருப்பு மாதிரி பின்னால் மிதித்துக்கொண்டு நடந்தால்தான் அப்படி ஆகும். உள்ளே துணி கறுத்துப்போய் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. அடியைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் பள்ளங்களின் மூலையில் செம்மண் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மெத்தையை உருவிப் பார்த்தேன். அதில் பதிந்திருந்த கால் கௌசல்யாவின் கால் இல்லை. அதைவிட நீளம், அகலம், பெருவிரல் தனியே விலகியிருந்தது. கடைசியாக விரல்களை உள்ளே விட்டு முன்பக்கத்தைத் துழாவினேன். இரண்டாவது விரல் வருகிற இடத்தில் மேல்துணி உள்பக்கமாக வட்டமாகத் தேய்ந்து கிழிந்திருந்தது. இரண்டு ஷூவிலும் அதே இடம்.

கல்யாணமாகாத பெண்ணின் காலில் மெட்டி ஏது?

நிமிர்ந்து பார்த்தேன். அஞ்சலை அக்கா கதவோரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தார். இரண்டு காலிலும் மெட்டி. இரண்டு குதிகாலிலும் மஞ்சள் அப்பிய புண். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக ஆட்டினார்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று. புதுச் செருப்பு கடிக்கும். யாராவது நாலு நாள் போட்டு நடந்து பழக்கிவிட்டால் கடிக்காது. எண்ணெய் தடவினால் இளகும். நம் ஊரில் செருப்பு வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிற காரியம்தான் இது. அந்த அம்மாள் தன் வாழ்நாளில் ஷூ போட்டவர் இல்லை. மகளுக்காகத் தன் காலைவிடச் சிறிய ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு, மகளைக் கடிக்க வேண்டிய கடியையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஷூ பாழாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஷூ என் கண்ணில் படவில்லை. அந்தக் குதிகால்களைத்தான் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். உண்மையைச் சொன்னால் கடை தப்பித்துவிடும், என் பெயரும் தப்பித்துவிடும். ஆனால் பத்துப் பேர் முன்னால் அந்தத் தாய் தலைகுனிவார். மகள் இரவெல்லாம் அம்மா மேல் கோபத்தோடு கிடந்துவிட்டுக் காலையில் டிரையலுக்குப் போவாள். சொல்லாமல் விட்டாலும் ஆபத்துதான். நான் வேறு ஜோடி தேடிக் கொடுத்தால், அந்த அம்மாள் இன்று இரவே அதையும் பழக்கி வைத்துவிடுவார்! போதாக்குறைக்கு அந்த மாடலில் ஆறாம் சைஸ் எங்களிடம் வேறு இல்லை. விழுப்புரம் கிளைக்குப் போன் போட்டேன், அங்கேயும் இல்லை. பின்பக்கம் நழுவுகிற ஷூவோடு உயரமான பெட்டி மேல் குதித்தால், வேலை போவது இருக்கட்டும், கால் உடையும்.

"கௌசல்யா, நீ உக்காரு. அக்கா, இந்தப் பெட்டியக் கொஞ்சம் புடிச்சிக்கினு வாங்க, உள்ள போயி ஒண்ணு தேடணும்" என்று அஞ்சலை அக்காவை ஸ்டாக் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"சொல்லிடாதம்மா" என்றார் உடனே.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்கீங்க?"

"எங்காலு பெருசு. மொத நாளு நொழையவே இல்ல. பின்னால மெதிச்சிக்கினு கொல்லைக்குப் போனேன். அப்பால எண்ணெ தடவி எப்பிடியோ நொழச்சிட்டேன். பொண்ணு எழுந்திரிக்கறதுக்குள்ள விடியக்காலம் மல்லாட்டை புடுங்கப் போவசொல்லோ போட்டுக்கினு போவேன். திரும்பி வந்து கழுவித் தொடச்சி பொட்டியில வச்சிடுவேன்."

"இந்தப் புண்ணோடயா நடந்தீங்க?"

"எனக்குக் கடிச்சிட்டா அதுக்குக் கடிக்காதில்ல" என்றார். அதில் என்ன சந்தேகம் என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரல் உடைந்தது. "கெடுத்துட்டனா நானு? அது சோறு தண்ணி இல்லாம பழகுச்சும்மா."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் கெட்டுப் போச்சுக்கா. சரி பண்ணிடலாம். ஆனா ஒண்ணு, இன்னிக்கு ராவு அந்தப் பொட்டி பக்கமே நீங்க போவக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

என் தலையில் கை வைத்தே சத்தியம் செய்தார். என்னைவிட மூத்தவர் செய்கிற சத்தியம் என்பதால் நானும் தலையைக் குனிந்து காட்டினேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். எண்ணெய் குடித்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஜோடியின் மெத்தைகளை உருவிப் போட்டேன். குதிகால் பக்கம் பவுடரைக் கொட்டி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுத்தேன். இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டுகிற சின்னத் திண்டு வைத்தேன். அடுத்தது கயிறு. எல்லா ஸ்போர்ட்ஸ் ஷூவிலும் மேலே, கணுக்காலை ஒட்டிக் கடைசியாக ஒரு துளை இருக்கும். அதில் யாரும் கயிறு கோப்பதில்லை. அந்தத் துளையில் இரண்டு பக்கமும் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்தால், குதிகால் பின்னால் போய் அழுந்திப் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும்.

வெளியே வந்து கௌசல்யாவின் முன்னால் உட்கார்ந்தேன். "சைஸ் சரிதாம்மா. கடைசி ஓட்டையில கயிறு எப்பிடிப் போடறதுன்னு அன்னிக்கே நான் உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். தப்பு என்மேலதான்."

கல்லாவிலிருந்து மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கௌசல்யா ஷூவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காலை நீட்டினாள். கயிறு கட்டக் கற்றுக் கொடுத்தேன். அவளாகவே கட்டிப் பார்க்கும் வரை விடவில்லை. ஸ்டாக் ரூம் படியில் ஏறி ஏறிக் குதிக்கச் சொன்னேன். குதிகால் அசையவில்லை.

"நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்கு நடுவுல கட்டு தளர்ந்துடுச்சின்னா, யாரு பாத்தாலும் சரி, நின்னு கட்டிக்கினு அப்பறம் குதி. ரெண்டு செகண்டு போனா போவட்டும்."

"சரிங்க மேடம்" என்றாள். வரும்போது இருந்த சத்தம் போன இடம் தெரியவில்லை. பேஜாரு தீர்ந்தது என்று மேனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆனாலும் விடிந்ததும் கால் தானாக அந்த ஜிம்முக்குப் போயிற்று. விற்ற ஷூவைப் பார்க்க யாராவது பின்னாலேயே போவார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஒட்டுப் போட்டுக் கொடுத்த ஷூ அது. ஒட்டு விட்டால் முறிவது அந்தப் பெண்ணின் கால். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

வெளிச் செருப்புக்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதியிருந்தது. என்னுடையதைக் கழற்றினேன். அஞ்சலை அக்கா ஏற்கெனவே வந்து கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றிருந்தார். கௌசல்யா ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உட்கார்ந்து கயிற்றைக் கோத்து, வளையம் விட்டு, இழுத்துக் கட்டினாள். டிரையலுக்கு வந்திருந்த மற்ற இரண்டு பெண்களும் வெளியூர்க்காரர்கள். அவர்கள் போட்டிருந்த ஷூக்கள் எங்கள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற ரகம்.

கம்பியில் எடையை மாட்டினார்கள். கௌசல்யா குனிந்து பிடித்தாள். அந்தச் சாம்பல் நிற ஷூவின் அடி தரையோடு ஒட்டி நின்றது. ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அத்தனை இரும்பும் அவளோடு எழுந்தது. பக்கத்தில் அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வூட்டு மூட்டைம்மா அது? எதுக்கு எம்பொண்ணப் போயி அவ்ளோ பாரத்தத் தூக்கச் சொல்றாங்க?"

"வேலைக்குத்தான்க்கா."

"தூக்கிட்டு எங்கியும் எடுத்துக்கினு போவலியே! அங்கியே வச்சிடுச்சி!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கவாட்டு ஓட்டம், கயிறு தாண்டுவது என்று ஒவ்வொன்றாக முடிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு குதிகால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். என் தொடை உயரம். தொடர்ந்து குதிக்க வேண்டும், நிறுத்தக் கூடாது என்று ஜிம் உரிமையாளர் சொன்னார். முதல் பெண் குதித்து முடித்தாள். கௌசல்யாவின் முறை வந்தது. ஏறினாள், இறங்கினாள். ஏறினாள், இறங்கினாள். திடீரென்று இடது காலில் ஒரு வளையம் அவிழ்ந்து கயிறு தொங்குவது எனக்குத் தெரிந்தது. கத்தலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த குதிக்குக் கையை வீசியவள் அப்படியே நின்றாள்.

"என்னாச்சு? நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல" என்றார் உரிமையாளர்.

அவள் மண்டியிட்டுக் கயிற்றைக் கோத்து இழுத்து, அவசரமே இல்லாமல் முடிச்சுப் போட்டாள். எழுந்து நின்று காலைத் தரையில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். பிறகு குதித்தாள். நான் இன்றுவரை அப்படி ஒரு குதியைப் பார்த்ததில்லை. இரண்டு காலும் ஒரே நேரத்தில், பூனை இறங்குகிற மாதிரி சத்தமே இல்லாமல் பெட்டி மேல் உட்கார்ந்தன. மடங்கிக் கூழாகிக் கிடந்த அந்தப் பின்பக்கம் அசையாமல் பிடித்து நின்றது. ஷூ என்பது என்ன? கொஞ்சம் துணி, கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் கயிறு. அதை விற்றே என் வாழ்நாளைக் கழித்திருக்கிறேன். அதற்குள் இவ்வளவும் அடங்கும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

வேலை கௌசல்யாவுக்குத்தான் கிடைத்தது. பிறகு ஒரு நாள் கடைக்கு வந்த அந்த உரிமையாளரிடம், அவளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். "நான் நிறுத்தாதன்னு சொல்லியும் நின்னு லேஸ் கட்டுச்சு பாருங்க, அந்தப் பொண்ணுதான் என்கிட்ட வர்ற லேடீஸ் காலு கையை உடைக்காம பாத்துக்கும்னு தோணுச்சு" என்றார். கூட்டம் நெருக்குகிற நேரத்தில், மேனேஜர் ஜல்தி ஜல்தி என்று கத்துகிற நேரத்தில், உங்களுக்கும் இது நினைவுக்கு வரட்டும். நின்று கட்டவேண்டிய கயிற்றை நின்றுதான் கட்ட வேண்டும்.

கௌசல்யாவுக்கு முதல் மாதச் சம்பளம் வந்த கையோடு அம்மாவும் மகளும் மறுபடி கடைக்கு வந்தார்கள். அஞ்சலை அக்கா பழையபடி செருப்பை வாசலில் விட்டார்.

"மேடம், அம்மாவுக்கு ஒண்ணு குடுங்க. எங்க லேடீஸ் பேட்ச்சுல சேத்துட்டேன். இடுப்பு வலி, முட்டி வலின்னு சொல்லிக்கினே இருக்காங்க."

"கேளும்மா இந்தக் கூத்த" என்றார் அஞ்சலை அக்கா என்னிடம். "ஊருல மூட்டை தூக்குனா கூலி குடுப்பாங்க. இங்க நாம காசு குடுத்துத் தூக்கணுமாம்!"

கடையே சிரித்தது. அவரை உட்கார வைத்துக் காலைத் தொட்டேன். "அய்யய்யோ, நீ போயி எங்காலத் தொடுறியே" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இதையும் நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். காலைப் பிடித்து இழுக்காதீர்கள், காத்திருங்கள். அவராகவே மறுபடி நீட்டினார். குதிகால் புண் ஆறித் தழும்பாகியிருந்தது. இந்த முறை மெட்டிக்கு மேல் மெல்லிசாக ஒரு டேப் சுற்றினேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அந்த டேப் என் யூனிபார்ம் பாக்கெட்டில் இருந்தது. நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் பக்கம் அகலமான கிராஸ் டிரெயினிங் ஷூ ஒன்றை எடுத்து மாட்டினேன். கௌசல்யா பக்கத்தில் மண்டியிட்டு, கடைசித் துளையில் வளையம் விட்டுக் கயிற்றைக் கோக்க ஆரம்பித்தாள்.

அஞ்சலை அக்கா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கவலை.

"ஏம்மா, இது கடிக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கௌசல்யா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"கடிச்சா சொல்லும்மா. விடியக்காலத்துல நாலு நாளு நான் போட்டுக்கினு கொல்லைக்குப் போயிட்டு வர்றேன். எண்ணெ தடவி, கழுவித் தொடச்சி, உனக்குத் தெரியாம பொட்டியில வச்சிடறேன்."

என் கையில் இருந்த அஞ்சலை அக்காவின் கால் அசைவற்றுப் போயிற்று. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அந்தச் சனிக்கிழமை அவள் பெட்டியைத் திறந்தபோதே எண்ணெய் வாசனையிலும் அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணிலும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருக்கிறது. தெரிந்தும், அம்மாவின் காதில் விழும்படி என்னிடம் வந்து சைஸ் தப்பு, சைஸ் தப்பு என்று அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறாள். பழி கடை மேல் விழட்டும், அம்மா மேல் விழ வேண்டாம் என்று. நான் என்னவோ ரகசியம் காப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்டாக் ரூம் கதவையெல்லாம் சாத்தினேன்!

கௌசல்யா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அடிப்பாவி" என்று சொல்லி அஞ்சலை அக்கா மகளின் தலையில் ஒரு தட்டு தட்டினார். தட்டிய கையை எடுக்கவில்லை.